தீர்ப்புக்குப் பிறகு நாற்காலியை ஓரமாக வைத்தவர்

துப்பறியும் கதையை இலக்கிய வாசிப்பில் சேர்க்கலாமா என்று எங்கள் வாசிப்புச் சந்திப்பில் ஒருமுறை பெரிய சண்டையே நடந்தது. ஒரு நண்பர் ரொம்பத் தீர்மானமாகச் சொன்னார்: "யார் கொன்னான்னு தெரிஞ்சதும் புத்தகம் செத்துடுது. செத்த புத்தகத்த எதுக்கு மறுபடி படிக்கணும்?" பதில் சொல்ல அன்று எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, பள்ளிக்கூட நாளில் படித்த அகதா கிறிஸ்டியின் 'அண்ட் தென் தேர் வேர் நன்' நாவலைத் தேடி எடுத்தேன். யார் கொன்றார் என்று எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்துகொண்டே படித்தபோதுதான் அது பயமுறுத்தியது. முதல் வாசிப்பில் இருந்தது வெறும் பதற்றம்தான்.

அந்த இரண்டாம் வாசிப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. இன்னும் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திவிட்டு நாவலை முடித்துவிட்டு வாருங்கள். கட்டுரை எங்கேயும் போய்விடாது.

நாவல் 1939இல் பிரிட்டனில் வெளிவந்தது. அப்போது அதன் பெயர் கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல்லைக் கொண்ட ஒரு குழந்தைப் பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்கப் பதிப்பு மறு ஆண்டே இப்போதைய பெயரோடு வந்துவிட்டது. பிரிட்டனிலோ 1980கள் வரை பழைய பெயர் புழக்கத்தில் இருந்தது. இந்தப் பெயர் விவகாரத்துக்குப் பிறகு வருகிறேன், அது அட்டையோடு முடிகிற விஷயமில்லை.

கதை எளிமையானது. டெவன் கடற்கரைக்கு அப்பால் ஒரு தீவு. வெவ்வேறு பொய்க் காரணங்களால் அங்கே எட்டு விருந்தினர்கள் வரவழைக்கப்படுகிறார்கள். வேலைக்காரத் தம்பதியோடு சேர்த்துப் பத்துப் பேர். முதல் நாள் இரவு உணவு முடிந்ததும் ஒரு கிராமபோன் தட்டு ஒலிக்கிறது. பத்துப் பேர் மீதும் பெயர் சொல்லி, தேதி சொல்லி, ஆளுக்கொரு கொலைக் குற்றம் சாட்டுகிறது. பிறகு பாட்டில் வருகிற வரிசைப்படி ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். மேசைமேல் இருக்கும் பத்துப் பொம்மைகளும் ஒவ்வொன்றாகக் குறைகின்றன.

பத்துக் குற்றங்களுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. எதையும் சட்டம் தொட முடியாது. வேரா கிளேதார்ன் என்ற ஆசிரியை, தன் பொறுப்பில் இருந்த சிரில் என்ற சிறுவனை, அவனால் நீந்திப் போக முடியாத பாறைவரை நீந்த அனுமதிக்கிறாள். சிரில் செத்தால் சொத்து அவள் காதலன் ஹியூகோவுக்கு வரும், கல்யாணம் நடக்கும். ரோஜர்ஸ் தம்பதி தங்கள் எஜமானியம்மாவுக்கு இதயவலி வந்தபோது கொடுக்கவேண்டிய அமைல் நைட்ரைட் மருந்தைக் கொடுக்கவில்லை. டாக்டர் ஆர்ம்ஸ்ட்ராங் குடித்துவிட்டு அறுவைச் சிகிச்சை செய்தார். ஜெனரல் மக்ஆர்தர் தன் மனைவியின் காதலனைப் போர்முனையில் சாகும் இடத்துக்கு அனுப்பினார். எமிலி பிரெண்ட் கர்ப்பமான வேலைக்காரப் பெண்ணை வீட்டைவிட்டுத் துரத்தினாள், அந்தப் பெண் ஆற்றில் விழுந்து செத்தாள். யாரும் கத்தி எடுக்கவில்லை. செய்யவேண்டியதைச் செய்யாமல் விட்டது, சொல்லக்கூடாததைச் சொன்னது, இப்படித்தான் பெரும்பாலானவை. நம் வீடுகளில் நடக்கிற மாதிரியான கொலைகள் என்றுகூடச் சொல்லலாம்.

இனி கோதிக் விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலக் கோதிக் மரபின் முதல் நாவலாகச் சொல்லப்படுவது 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய 'தி காஸில் ஆஃப் ஒட்ராண்டோ'. கல்யாண நாளன்று வானத்திலிருந்து ஒரு ராட்சதத் தலைக்கவசம் விழுந்து மாப்பிள்ளைப் பையனை நசுக்கிக் கொன்றுவிடும். ஏன்? அவனுடைய முன்னோர் ஒருவர் உண்மையான பிரபுவை விஷம் வைத்துக் கொன்று கோட்டையைப் பிடுங்கிக்கொண்டார். மறைத்த குற்றம் தலைமுறை தாண்டி வந்து தலையில் விழுகிறது. கோதிக் என்றால் வௌவால், மின்னல், கிறீச்சிடும் கதவு என்று நினைக்கிறோம். அதெல்லாம் மேடை அலங்காரம்தான். புதைத்தது கிளம்பி வரும் என்பதுதான் அதன் அடிப்படை. துப்பறியும் கதைக்கும் அடிப்படை இதேதான். இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள், பிற்பாடு பேச்சுவார்த்தை இல்லாமல் போனவர்கள்.

கிறிஸ்டி செய்த முதல் நல்ல காரியம், அந்த மேடை அலங்காரத்தைக் கழற்றிப் போட்டது. தீவு இருக்கிறது, புயல் இருக்கிறது, படகு வரவில்லை. ஆனால் வீடு? புத்தம்புது நவீன வீடு. பெரிய ஜன்னல்கள், மின்விளக்குகள், இருட்டு மூலையே கிடையாது, ரகசியக் கதவு கிடையாது. பழைய வீடாக இருந்தால் பயப்பட ஒரு நியாயம் இருக்கும், இந்த வீட்டில் ஒளிய இடமே இல்லை என்பதுதான் பயமாக இருக்கிறது என்று கதைசொல்லியே ஓரிடத்தில் உணர்த்துகிறார். டெவன் கடலோரத்தில் உள்ள பர் தீவும் அங்கே 1929இல் கட்டப்பட்ட ஆர்ட் டெகோ பாணி விடுதியும்தான் இதற்குத் தூண்டுதல் என்பார்கள். அந்த நிஜத் தீவுக்குக் கடல் வற்றும் நேரத்தில் நடந்தே போய்விடலாம். கிறிஸ்டி தன் தீவைக் கரையிலிருந்து தள்ளி வைத்துவிட்டார்.

வேலைக்காரர் ரோஜர்ஸ் செத்த பிறகு மின்சார இயந்திரத்தை ஓட்ட ஆளில்லை. மெழுகுவத்தி வருகிறது. கோதிக்குக்கு இருட்டு வேண்டும் என்றால் அதையும் ஒரு வேலைக்காரனின் சாவு வழியாகத்தான் கொண்டுவருகிறார். நவீன வீட்டின் வெளிச்சம் ஒரு மனிதனின் உழைப்பில் நின்றுகொண்டிருந்தது என்பது அவன் செத்த பிறகே அந்தக் கனவான்களுக்கு உறைக்கிறது. கிறிஸ்டி இதை யோசித்து வைத்தாரா, கதையின் தேவைக்காக வைத்தாரா தெரியாது. எனக்குப் பிடித்த இடம்.

எல்லோரும் குறிப்பிடும் கடற்பாசிக் காட்சியைச் சொல்லியாக வேண்டும். வேரா மெழுகுவத்தியோடு தன் அறைக்குள் போகிறாள். கடல் வாசனை. மெழுகுவத்தி அணைகிறது. ஈரமான, குளிர்ந்த ஏதோ ஒன்று அவள் கழுத்தைத் தொடுகிறது. மூழ்கிய பையனின் கை என்று நினைத்து அலறுகிறாள். கூரையிலிருந்து தொங்கவிட்ட கடற்பாசிதான் அது. மற்றவர்களை மாடிக்கு ஓடவைக்க யாரோ செய்த ஏற்பாடு.

இதை ஷெர்லாக் ஹோம்ஸோடு ஒப்பிட்டால் ஒன்று தெளிவாகும். 1901-02இல் தொடராக வந்த 'தி ஹவுண்ட் ஆஃப் தி பாஸ்கர்வில்ஸ்' கதையும் டெவனில்தான் நடக்கிறது. அங்கேயும் முன்னோர் செய்த பாவம், சாபம், நெருப்பு கக்கும் நாய். கடைசியில் நாயின் வாயில் பாஸ்பரஸ் பூசியிருந்தது என்று ஹோம்ஸ் கண்டுபிடிக்கிறார். அந்த நிமிடமே பயம் போய்விடுகிறது. விஞ்ஞானம் விளக்கைப் போட்டுவிட்டது. கிறிஸ்டியிடமும் விளக்கம் வருகிறது: இது பாசி, பேயல்ல. ஆனால் வேராவின் பயம் போகவில்லை. ஏனென்றால் அவள் பயந்தது பாசிக்கு அல்ல. சிரிலைக் கடலுக்குள் விட்டது அவள்தான். அது நிஜம். அந்த நிஜத்துக்குப் பாஸ்பரஸ் விளக்கம் எதுவும் கிடையாது. கோதிக்கை வீட்டிலிருந்து எடுத்து ஆளுக்குள் வைத்தது இப்படித்தான்.

எமிலி பிரெண்டிடம் இது இன்னும் கூர்மையாக நடக்கிறது. பைபிள் வாசிப்பவள், எந்தத் தப்பும் செய்யவில்லை என்று அழுத்தமாகச் சொல்பவள். ஒரு பிற்பகலில் நாட்குறிப்பு எழுதிக்கொண்டே கண்ணயர்கிறாள். விழித்துப் பார்த்தால், கொலைகாரியின் பெயர் பியாட்ரிஸ் டெய்லர் என்று அவள் கையெழுத்திலேயே கோணல்மாணலாக எழுதியிருக்கிறது. ஆற்றில் செத்த அந்த வேலைக்காரப் பெண்ணின் பெயர். வாய் ஒத்துக்கொள்ளாததைக் கை எழுதிவிட்டது. ஒரே பத்தியில் முடிந்துவிடுகிறது. பேய்க்கதை எழுதுகிற நம் இளம் எழுத்தாளர்கள் இந்தப் பத்தியை ஒருமுறை படிக்கலாம்.

சரி, கொலைகாரர் யார்? ஓய்வுபெற்ற நீதிபதி லாரன்ஸ் வார்கிரேவ். தூக்குத் தண்டனைக்குப் பேர்போனவர். நடுவில் தானும் சுடப்பட்டதுபோல் நடித்து, பிணமாகக் கிடந்து, மீதிப் பேரையும் முடிக்கிறார். குளியலறையின் சிவப்புத் திரைதான் அங்கி, மிஸ் பிரெண்டின் தொலைந்துபோன சாம்பல்நிறக் கம்பளி நூல்தான் நீதிபதியின் பொய்முடி. அந்தக் கோலத்தில் உட்கார்ந்திருக்கும் 'பிணம்' நாவலின் மிகக் கோதிக்கான படிமம். நீதிமன்றத்தையே ஆவியாக்கிவிட்டார்.

எல்லாம் முடிந்தபின் பாட்டிலில் போட்டுக் கடலில் எறிந்த ஒரு வாக்குமூலம் ஒரு மீன்பிடிப் படகுக்குக் கிடைக்கிறது. அதில் அவர் தன்னைப் பற்றிச் சொல்வது: சிறுவயதிலிருந்தே சாவைப் பார்ப்பதில், கொல்வதில் இன்பம். கூடவே, குற்றமற்றவர் துன்பப்படக்கூடாது என்ற கடுமையான நீதியுணர்வு. இரண்டும் ஒரே ஆளுக்குள் இருந்தால் என்ன தொழில் செய்யலாம்? மரண தண்டனை உள்ள நாட்டில் நீதிபதியாகலாம். கிறிஸ்டி இதை விமர்சனமாக வைத்தாரா என்று தெரியவில்லை. ஆனால் 1939இல், கொலைக் குற்றத்துக்குத் தூக்கு கட்டாயமாக இருந்த நாட்டில், இப்படியொரு நீதிபதியைப் படைத்திருக்கிறார். பிரிட்டன் கொலைக்கான தூக்கை 1965இல்தான் நிறுத்தியது. அவர்கள் விட்டுப்போன சட்டப்புத்தகத்தை வைத்துக்கொண்டு மலேசியா கட்டாய மரண தண்டனையை 2023இல்தான் எடுத்தது. சிங்கப்பூரில் தூக்கு இன்னும் இருக்கிறது. நமக்கு இது பழைய கதை இல்லை.

வார்கிரேவை நேர்மையான நீதிபதி, கொஞ்சம் பைத்தியம், அவ்வளவுதான் என்று படிப்பவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவர் எப்படிச் சாட்சியம் சேர்த்தார் என்று பாருங்கள். கிளப்பில் கேட்ட வம்பு. ஒரு தாதி சொன்னது. ஒரு டாக்டர் பேச்சோடு பேச்சாகச் சொன்னது. கப்பல் பயணத்தில் ஹியூகோ குடித்துவிட்டுப் புலம்பியது. எல்லாம் கேள்விப்பட்ட சங்கதி. தன் நீதிமன்றத்தில் ஒரு வக்கீல் இப்படிச் சாட்சியம் கொண்டுவந்தால் அவரே தூக்கி எறிந்திருப்பார். அந்தக் கிராமபோன் தட்டு, கடைசியில் தங்கள் தரப்பில் சொல்ல ஏதாவது உண்டா என்று கைதிகளைக் கேட்கிறது. கேட்கிறதே தவிர, அதற்குக் காது கிடையாது. காது உள்ளவர் அறையில்தான் உட்கார்ந்திருந்தார், விசாரணையைத் தானே முன்னின்றும் நடத்தினார். எல்லோருடைய விளக்கத்தையும் கேட்டார். தீர்ப்பு மட்டும் அவர்கள் வருவதற்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது.

ஆனாலும் பத்துப் பேரும் குற்றவாளிகள்தானே, அவர் கணித்தது சரிதானே என்று ஒருவர் கேட்கலாம். நாவலின் வலை இதுதான். கிறிஸ்டி நம்மை ஒவ்வொரு மனதுக்குள்ளும் கூட்டிப்போய், ஆமாம், செய்தார்கள் என்று காட்டிவிடுகிறார். கேள்விப்பட்ட சங்கதி உண்மையாகவே இருந்துவிடுகிறது. அதனால் நாமும் நடைமுறையைப் பற்றிக் கவலைப்படாமல் அடுத்தது யார் என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். நானும் புரட்டினேன். இணையத்தில் யாரையாவது எல்லோரும் சேர்ந்து கிழிக்கும்போது, 'அவன் செஞ்சிருப்பான்யா' என்று பகிர்ந்துவிட்டுப் போகிறோமே, அதே விரல்தான்.

இன்னொரு சிக்கல், சாவின் வரிசை. குற்றம் குறைந்தவர்கள் முதலில் சாகவேண்டும், அதிகமானவர்கள் கடைசிவரை பயத்தில் வேகவேண்டும் என்பது வார்கிரேவின் கணக்கு. காரை வேகமாக ஓட்டி இரண்டு பிள்ளைகளைக் கொன்ற ஆண்டனி மார்ஸ்டன்தான் முதல் சாவு. ஏனென்றால் அவனுக்கு மனசாட்சி என்ற உறுப்பே இல்லை, அதனால் பொறுப்பும் குறைவு. பிள்ளைகளைக் கொன்றதைப் பற்றி அவன் படுகிற ஒரே வருத்தம் தன் லைசென்ஸ் ரத்தானது. ஒரே மடக்கில் செத்துப்போகிறான், பயம்கூடப் படவில்லை. வேராவோ ஒவ்வொரு ராத்திரியும் சிரிலைப் பார்க்கிறாள், அவள்தான் கடைசி. யார் அதிகம் உணர்கிறார்களோ அவர்களுக்கே அதிக தண்டனை. இந்த நீதி குற்றத்தை அளக்கவில்லை, குற்றவுணர்வைத்தான் அளக்கிறது. மனசாட்சி இல்லாதவனுக்குச் சலுகை.

வார்கிரேவ் வேராவைக் கொல்லவும் இல்லை. ஒரு சுருக்கையும் ஒரு நாற்காலியையும் அவள் அறையில் வைத்துவிட்டு ஒளிந்து பார்க்கிறார். மீதியை அவள் குற்றவுணர்வு செய்யும் என்பது அவர் சோதனை. ஹியூகோ பக்கத்தில் நிற்பதாக அவளுக்குத் தோன்றுகிறது, தான் என்ன செய்யவேண்டும் என்று அவன் விரும்புகிறானோ அதைச் செய்கிறாள். முந்தைய கொலைகளில் விஷம், கோடரி, துப்பாக்கி. கடைசிக் கொலைக்கு ஆயுதம் மனசாட்சி. மனிதனுக்குள் நல்லதாக எஞ்சியிருந்த ஒரே பொருளை எடுத்து அதனாலேயே அவனைக் கொல்வது. இதைவிடக் குரூரமான ஒன்றைக் கிறிஸ்டி எழுதி நான் படித்ததில்லை.

நாவலின் குறைக்கு வருகிறேன். பிலிப் லொம்பார்ட் கிழக்கு ஆப்பிரிக்காவில் 21 பேரை உணவில்லாமல் காட்டில் விட்டுவிட்டுத் தப்பித்தவன். பத்துப் பேரில் இவன் ஒருவன்தான் ஆமாம் செய்தேன் என்று சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்கிறான். அவர்கள் உள்ளூர்க்காரர்கள்தானே என்று வேரா அவனுக்காகப் பரிந்து பேசுகிறாள். கறுப்போ வெள்ளையோ அவர்களும் சகோதரர்கள் என்று சொல்வது, வேடிக்கை பாருங்கள், எமிலி பிரெண்ட். தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணைத் துரத்திய அதே எமிலி பிரெண்ட். இந்த உரையாடல் கூர்மையானது, கிறிஸ்டிக்கு விஷயம் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அந்த 21 பேருக்குப் பெயர் இல்லை. மற்ற எல்லாக் குற்றச்சாட்டிலும் செத்தவரின் பெயரைத் தட்டு சொல்கிறது, இவர்களுக்கு எண்ணிக்கை மட்டும். யாருடைய கனவிலும் அவர்கள் வருவதில்லை, யார் கழுத்தையும் தொடுவதில்லை. ஆவியாக வருவதற்குக்கூட ஒரு பெயர் வேண்டியிருக்கிறது. நாவலின் முதல் தலைப்பையும் இதையும் சேர்த்துப் பார்த்தால், இந்தப் புத்தகத்தின் நீதியுணர்வு எந்தக் கரையோடு நின்றுவிட்டது என்று தெரியும். தோட்டக்காட்டுக் கணக்குப் புத்தகங்களில் எண்ணிக்கையாக மட்டும் இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாம், இந்த இடத்தை நாம் தாண்டிப்போக முடியாது.

பாத்திரங்களும் எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. பொய்ச்சாட்சி சொன்ன போலீஸ்காரர் ப்ளோர் வெறும் அட்டைதான். ஆனால் அவர் சாகிற விதம் கவனிக்கவேண்டியது: மாடி ஜன்னலிலிருந்து கரடி வடிவப் பளிங்குக் கடிகாரம் தலையில் விழுகிறது. ஒட்ராண்டோவின் தலைக்கவசம் ஞாபகம் வரவில்லையா? 175 வருடம் கழித்து அதே சாவு. இப்போது மேலேயிருந்து தள்ளிவிட ஒரு மனிதக் கை இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கிறிஸ்டியே இந்த நாவலோடு ஒத்துப்போகவில்லை என்று தோன்றுகிறது. 1943இல் அவரே நாடகமாக்கியபோது முடிவை மாற்றினார். வேராவும் லொம்பார்டும் பிழைக்கிறார்கள், காதலிக்கிறார்கள். மேடையில் எல்லோரும் செத்துவிட்டால் கதை சொல்ல ஆளில்லை, போர்க்காலப் பார்வையாளர்களுக்கு அந்த இருட்டு தாங்காது என்பதெல்லாம் சரி. ஆனால் இருவரையும் பிழைக்கவைக்க அவர் என்ன செய்யவேண்டியிருந்தது? இருவரையும் நிரபராதிகள் ஆக்கவேண்டியிருந்தது. குற்றவாளி ஒருவர் உயிரோடு தப்பிக்கும் முடிவை அவரால் யோசிக்கவே முடியவில்லை. ரெனே கிளேரின் 1945 படமும் நாடகத்தின் வழியிலேயே போனது. 1987இல் வந்த சோவியத் படமும் 2015 பிபிசி தொடரும் நாவலின் முடிவுக்கே திரும்பின. தமிழில் எஸ். பாலசந்தர் எடுத்து 1970இல் வெளிவந்த 'நடு இரவில்' இதே கருவிலிருந்து கிளைத்ததுதான். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும்.

எனக்கு இதைவிட முக்கியமாகப்படுவது இன்னொரு தொடர்ச்சி. 1934இன் 'மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' நாவலில் சட்டம் விட்டுவிட்ட ஒரு குழந்தைக் கொலைகாரனைப் பன்னிரண்டு பேர் ஜூரிபோல் சேர்ந்து கொல்கிறார்கள். பொய்ரோ விட்டுவிடுகிறார், நாமும் கைதட்டுகிறோம். ஐந்து வருடம் கழித்து வார்கிரேவ். போர்க்காலத்தில் எழுதிப் பூட்டிவைத்து 1975இல் வெளியான 'கர்ட்டன்' நாவலில் பொய்ரோவே கொலை செய்கிறார். நார்டன் என்பவன் தன் கையால் யாரையும் கொல்வதில்லை, மற்றவர்களைத் தூண்டிவிட்டுக் கொலைசெய்ய வைக்கிறான். சட்டம் தொட முடியாது. பொய்ரோ அவனைச் சரியாக நெற்றி நடுவில் சுடுகிறார். காயீனின் அடையாளம். வார்கிரேவும் தன் நெற்றியில்தான் சுட்டுக்கொள்கிறார், அதே காயீன் அடையாளம் என்று வாக்குமூலத்தில் குறிப்பும் கொடுக்கிறார். பொய்ரோவும் வாக்குமூலம் எழுதிவைத்துவிட்டுத்தான் போகிறார். நோயாளியான அவர் சாகும் இரவில் மாரடைப்புக்கான மருந்துக் குப்பிகளைக் கைக்கு எட்டாமல் தள்ளிவைக்கிறார். என்ன மருந்து? அமைல் நைட்ரைட். ரோஜர்ஸ் தம்பதி எஜமானியிடமிருந்து மறைத்த அதே மருந்து.

இரண்டும் தற்செயல் என்று யாராவது சொன்னால் சண்டை போடத் தயார். கிறிஸ்டியின் மிகப் பெரிய துப்பறிவாளரும் மிகப் பெரிய கொலைகாரரும் ஒரே தர்க்கத்தில் நடக்கிறார்கள். வித்தியாசம் எங்கே என்றால், பொய்ரோவுக்குத் தான் செய்தது சரியா என்று தெரியவில்லை. தீர்ப்பைக் கடவுளிடம் விட்டுவிட்டு மருந்தைத் தள்ளிவைக்கிறார். வாக்குமூலம் போவது அவர் நண்பர் ஹேஸ்டிங்ஸுக்கு. வார்கிரேவுக்குச் சந்தேகமே கிடையாது. அவருடைய வாக்குமூலம் முகவரியில்லாமல் கடலுக்குப் போகிறது, தன் கெட்டிக்காரத்தனம் யாருக்காவது தெரியவேண்டும் என்ற ஆசையோடு. ரசிகர்களை எதிர்பார்க்கிற நீதி.

அந்த நண்பருக்கு இப்போது என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்து யார்டில் இரண்டு அதிகாரிகள் குழம்பிக்கொண்டிருக்கும் அத்தியாயத்தில் ஒரு சின்னத் தகவல் வரும். வேரா தூக்கில் தொங்கிய அறையில், அவள் ஏறி நின்று உதைத்த நாற்காலி கீழே விழுந்து கிடக்கவில்லை. சுவரோரமாக ஒழுங்காக நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தது. ஆக, அவளுக்குப் பிறகும் யாரோ உயிரோடு இருந்திருக்கிறார்கள் என்பது போலீஸுக்கான துப்பு. முதல் வாசிப்பில் நானும் அதைத் துப்பாகத்தான் படித்தேன். இப்போது படிக்கும்போது அந்த ஆள்தான் தெரிகிறார். ஒரு பெண் தொங்கிக்கொண்டிருக்கும் அறைக்குள் போய், விழுந்து கிடந்த நாற்காலியை எடுத்து, சுவரோடு சேர்த்து நேராக வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போகிறார்.